ஆணி இல்லாத படகு

புதுச்சேரியில் நாங்கள் படித்த பிரெஞ்சு சரித்திரப் புத்தகம் கோலுவாக்களை நம் முன்னோர் என்று சொல்லித் தொடங்கும். சில பக்கங்களில் சீசர் வந்துவிடுவார். அவருக்கு முன் வட ஐரோப்பாவில் வாழ்ந்தவர்கள் வெறும் காட்டுவாசிகள் என்ற எண்ணம்தான் எங்களில் பலருக்கும். ஆனால் சீசருக்கு 1,500 ஆண்டுகளுக்கு முன்பே அவர்கள் கடலோடிகள். சாட்சி, இங்கிலாந்தின் டோவர் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

1992-ல் அங்கே சாலை வேலைக்குத் தோண்டியபோது, ஆறு மீட்டர் ஆழத்தில் ஒரு படகு கிடைத்தது. கி.மு. 1550 வாக்கில் கட்டியது. ஒன்பதரை மீட்டர் நீளத்தை வெளியே எடுத்தார்கள். மீதி இன்னும் மண்ணுக்கடியில்.

ஓக் மரப் பலகைகளில் வெண்கலக் கருவி வெட்டிய தடம் இன்றும் தெரிகிறது. ஆனால் ஓர் ஆணிகூடக் கிடையாது. அடிப்பலகை இரண்டையும் மர ஆப்பு அடித்து இறுக்கியிருக்கிறார்கள். பக்கப் பலகைகளை, யூ மரத்தின் இளங்கிளைகளை முறுக்கித் தைத்திருக்கிறார்கள். இடுக்குகளில் பாசியைத் திணித்து, தேன்மெழுகையும் விலங்குக் கொழுப்பையும் கலந்து பூசியிருக்கிறார்கள்.

அந்தப் படகில் கிடந்த ஒரு சிறு கல், மேற்கே 200 கிலோமீட்டருக்கும் அப்பால் டோர்செட் கரையைச் சேர்ந்தது. டோவரை ஒட்டிய கடலடியில் 1974 முதல் 300-க்கும் மேற்பட்ட வெண்கலப் பொருள்கள் கிடைத்தன. அவற்றில் பல, பிரான்சில் வழங்கிய வகைக் கோடாலிகள். கடல் அவர்களுக்கு வேலி அல்ல, பாதை.

ஆணி இல்லாதது அறியாமையா? 2012-ல் இதே முறையில், பாதி அளவில் ஒரு படகு கட்டிப் பார்த்தார்கள். முதல் முயற்சியில் தண்ணீர் உள்ளே புகுந்துவிட்டது. சரிசெய்து மறுவருடம்தான் மிதக்கவிட முடிந்தது. கைப்பழக்கம் அறுந்து போனால் அறிவும் போய்விடுகிறது.

கப்பலுக்கும் நம் கரைக்கும் நடுவே ஓடிய சலங்கும் தைத்த படகுதான், தென்னங்கயிற்றால். அவர்களிடமிருந்து இவர்கள் கற்கவில்லை. ஆனாலும் இரு கடற்கரைக்காரர்களும் ஒன்றைக் கண்டுகொண்டார்கள்: தைத்த பலகை அலைக்கு வளைந்து கொடுக்கும்.

டோவர் படகை ஈரமண் காப்பாற்றியது. சலங்குக்கு அந்தக் காவலும் இல்லை. உங்கள் உறவில் சலங்கு தைத்த பெரியவர் இருந்தால், எந்தக் கயிறு, எத்தனை விரல் இடைவெளி, இடுக்கில் என்ன வைத்தார் என்று கேட்டு எழுதி வையுங்கள்.