பாப் இசை இதழ் வடிவமைப்பு

பாடகர்கள், இசைக்குழுக்கள், புதிய இசைத்தட்டுகள் பற்றிய செய்திகளையும் நேர்காணல்களையும் படங்களையும் ஒரே சாயலுள்ள பக்கங்களாக அமைத்து அச்சுக்கு அனுப்பும் வேலை பாப் இசை இதழ் வடிவமைப்பு எனப்படும். 1990களிலிருந்து இவ்வேலை இரண்டு வகை மென்பொருள்களில் நடந்துவருகிறது. படங்களைத் திருத்த ஃபோட்டோஷாப் போன்ற ஒன்றும், எழுத்தையும் படத்தையும் பக்கத்தில் பொருத்த குவார்க் எக்ஸ்பிரஸ், இன்டிசைன் போன்ற ஒன்றும் பயன்படுகின்றன. ஓசையில்லாத தாளில் ஓர் இசையின் குணத்தைக் காட்டவேண்டியிருப்பதுதான் இத்துறையின் தனிச் சிக்கல். துள்ளல் பாப், கனத்த ராக், நடனத்தள இசை ஒவ்வொன்றுக்கும் அதை விரும்புவோர் எதிர்பார்க்கும் நிறமும் எழுத்துருவும் படத்தின் தோரணையும் வேறு. இவற்றைத் தீர்மானித்த பிறகே கணினியின் வேலை தொடங்குகிறது.

மென்பொருளுக்கு முன்னும் பின்னும்

பிரிட்டனில் 'மெலடி மேக்கர்' 1926-இலும், 'நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்' (என்எம்ஈ) 1952-இலும் தொடங்கின. அமெரிக்காவின் 'ரோலிங் ஸ்டோன்' 1967-இல் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வெளிவந்தது. இவற்றின் பக்கங்கள் நெடுங்காலம் கையால் ஒட்டப்பட்டவை. கோத்து எடுத்த எழுத்துத் தாள்களைக் கத்தரித்து, அட்டைமேல் பசை தடவி ஒட்டி, பெரிய தலைப்புகளை லெட்ராசெட் தாளிலிருந்து தேய்த்து எடுப்பார்கள். வண்ணப் படங்களை நான்கு நிறங்களாகப் பிரிக்கும் வேலை வெளிக்கூடத்துக்குப் போய்வரும். ஒரு படத்தைச் சற்றே பெரிதாக்கிப் பார்க்க விரும்பினாலும் காசும் நேரமும் செலவாகும்.

அந்தக் காலத்திலேயே மிகத் துணிச்சலான பக்கங்கள் பிறந்தன என்பதை இத்துறையைக் கற்பவர்கள் மறக்கக் கூடாது. நிக் லோகன் 1978-இல் 'ஸ்மாஷ் ஹிட்ஸ்' இதழைத் தொடங்கினார். பாடல் வரிகளும் பளிச்சென்ற வண்ணப் படங்களும் அதன் உயிர். அவரே 1980-இல் தொடங்கிய 'தி ஃபேஸ்' இதழுக்கு 1981 முதல் 1986 வரை கலை இயக்குநராக இருந்தவர் நெவில் பிராடி. தலைப்பு எழுத்துகளை அவர் தாமே வரைந்தார். உள்ளடக்கப் பக்கத்தின் தலைப்பை இதழுக்கு இதழ் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைத்து, கடைசியில் வெறும் வடிவங்களாகவே விட்டார். இதழைத் தொடர்ந்து வாங்கிய வாசகர் அதைப் படிக்கக் கற்றுக்கொண்டே வந்தார்.

1985-இல் ஆல்டஸ் நிறுவனம் பேஜ்மேக்கரை வெளியிட்டது. ஆப்பிளின் மேக்கின்டாஷ் கணினி, லேசர்ரைட்டர் அச்சுப்பொறி, அடோபியின் போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழி ஆகியவற்றோடு அது சேர்ந்தபோது, எழுத்துக் கோப்பும் பக்க ஒட்டலும் ஒரே மேசைக்கு வந்தன. 1987-இல் வந்த குவார்க் எக்ஸ்பிரஸ் அடுத்த பத்தாண்டு இதழ் அலுவலகங்களை ஆண்டது. தாமஸ் நோல், ஜான் நோல் சகோதரர்கள் உருவாக்கிய ஃபோட்டோஷாப்பை அடோபி 1990-இல் வெளியிட்டது. 1994-இல் அதன் மூன்றாம் பதிப்பில் லேயர் என்னும் அடுக்கு வசதி சேர்ந்தது. அசல் படத்தைக் கெடுக்காமல் அதன்மேல் வேலை செய்யும் பழக்கம் அங்கிருந்து வளர்ந்தது. 1999-இல் இன்டிசைன் வந்தது. மேக்கின்டாஷின் புதிய இயங்குதளமான ஓஎஸ் டென்னில் குவார்க்குக்கு முன்னரே இயங்கியதும், ஃபோட்டோஷாப் கோப்பை அடுக்குகளோடு அப்படியே ஏற்றதும் இன்டிசைனை முன்னுக்குக் கொண்டுவந்தன.

கணினி தந்த சுதந்திரத்தின் எல்லையைத் தொட்டவர் அமெரிக்காவின் 'ரே கன்' இதழை 1992 முதல் வடிவமைத்த டேவிட் கார்சன். பாடகர் பிரையன் ஃபெர்ரியுடனான நேர்காணல் சலிப்பூட்டுகிறது என்று கருதி, அதை எழுத்துகளுக்குப் பதில் குறியீடுகளே உள்ள ஸாஃப் டிங்பேட்ஸ் எழுத்துருவில் அவர் அச்சிட்டது இன்றும் பேசப்படுகிறது. அதே ஆண்டுகளில் 'ரோலிங் ஸ்டோன்' இதழில் ஃபிரெட் வுட்வர்ட் வேறு வழியில் சென்றார். ஒரு பக்கம் முழுக்கப் பாடகரின் படம், எதிர்ப்பக்கம் முழுக்க அந்தப் பாடகருக்கென்றே கட்டிய எழுத்துக் கோலம், சுற்றிலும் தடித்த கோடும் மெல்லிய கோடும் சேர்ந்த கரை. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், பின்னதுதான் இளம் வடிவமைப்பாளர்கள் நீண்ட நேரம் பயில வேண்டியது. அதில் ஒவ்வொரு கட்டுரைக்கும் புதிய முகம் இருந்தும் இதழின் அடையாளம் குலையவில்லை.

அட்டை

அட்டையில் இதழ்ப் பெயர், பிரதான படம், அதை ஒட்டிய பெரிய தலைப்பு, உள்ளே இருப்பவற்றைச் சொல்லும் சிறு தலைப்புகள், தேதி, விலை, பார்கோடு ஆகியவை இடம்பெறும். பிரிட்டிஷ் கடைகளின் அடுக்குகளில் ஓர் இதழ்மேல் இன்னொன்று சாய்ந்து நிற்பதால், பல நேரம் இடப்பக்க மூன்றில் ஒரு பங்குதான் கண்ணில் படும். 1986-இல் தொடங்கிய 'கியூ' இதழ் தன் பெயரைச் சிவப்புச் சதுரத்துக்குள் வெள்ளை எழுத்தாக இடது மேல்மூலையில் வைத்ததன் பயன் அங்கே தெரியும். 1981-இல் பிறந்த 'கெராங்!' கிட்டாரின் அதிர்வொலியையே பெயராகக் கொண்டு, அதை உடைந்த எழுத்துகளில் எழுதியது. பெயரைப் படிக்கும் முன்பே அது கனத்த இசைக்கான இதழ் என்று விளங்கிவிடும்.

படம் பெரும்பாலும் இடுப்புக்கு மேலோ தோளுக்கு மேலோ எடுத்ததாக, கண்கள் வாசகரை நேராகப் பார்ப்பதாக இருக்கும். எடுக்கும்போதே தலைக்கு மேலும் இரு பக்கமும் வெற்றிடம் விடச் சொல்வது நல்ல கலை இயக்குநரின் வழக்கம். பெயருக்கும் தலைப்புகளுக்கும் அந்த இடம் வேண்டும். புகழ்பெற்ற இதழ்களில் பாடகரின் தலை இதழ்ப் பெயரின் ஓரிரு எழுத்துகளை மறைத்து நிற்பதைக் காணலாம். அதைச் செய்யும் முறை எளிது. முழுப் படத்தைக் கீழே வைத்து, அதன்மேல் இதழ்ப் பெயரை வைத்து, தலையை மட்டும் வெட்டிய ஒளிபுகு பின்னணியுள்ள படத்தை அதே இடத்தில் அச்சுப் பிசகாமல் மூன்றாவதாக வைக்க வேண்டும். கடினமானது முடிதான். பிரியும் முடி இழைகளை வெட்டாமல் தேர்ந்தெடுக்க ஃபோட்டோஷாப்பின் மாஸ்க் கருவியில் பொறுமையாக உழைக்க வேண்டும். வெட்டிய விளிம்பில் பழைய பின்னணியின் நிறம் ஒட்டியிருந்தால் அட்டை முழுதும் மலிவாகிவிடும்.

பாடகர் ஜான் லெனான் 1980 டிசம்பர் 8 அன்று கொல்லப்பட்டார். அதே நாளில் புகைப்படக் கலைஞர் ஆனி லீபோவிட்ஸ் எடுத்த லெனான், யோகோ ஓனோ படத்தை 'ரோலிங் ஸ்டோன்' 1981 ஜனவரியில் அட்டையாக்கியபோது தலைப்பு ஏதும் போடவில்லை. எழுத்தே தேவைப்படாத படங்கள் அரிதாகக் கிடைக்கும். கிடைக்கும்போது அதை அறிந்து ஒதுங்கி நிற்பதும் வடிவமைப்பாளரின் தொழிலே.

படத் திருத்தம்

அச்சுக்கான படம் வைக்கும் அளவில் அங்குலத்துக்கு 300 பிக்சல் இருக்க வேண்டும் என்பது பொது விதி. பளபளப்பான தாளில் ஆஃப்செட் அச்சு அங்குலத்துக்கு 150 வரிப் புள்ளிகளை இடுவதும், அதன் இரு மடங்கு தகவல் இருந்தால் படம் தெளிவாக வருவதும் இதற்குக் காரணம். ஏ4 அளவுள்ள அட்டைக்கு வெட்டுக்கான கூடுதல் ஓரம் சேர்த்து 216 × 303 மில்லிமீட்டர் தேவை. அதாவது சுமார் 2551 × 3579 பிக்சல். இணையத்தில் எடுத்த சிறு படத்தை மென்பொருளில் இழுத்துப் பெரிதாக்கினால் இல்லாத நுணுக்கம் வந்துவிடாது.

வெளிச்சம், நிறம், மாறுபாடு ஆகியவற்றின் மாற்றங்களைத் திருத்த லேயர்களில் செய்தால் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். தோலில் உள்ள தற்காலிகப் பருவை நீக்குவது ஏற்கத்தக்கது; துளைகளும் மச்சமும் சுருக்கமும் மறையும்வரை வழிப்பது முகத்தையே அழிப்பது. ரசிகர்கள் அந்த முகத்தை நூறு படங்களில் பார்த்திருப்பார்கள், மாற்றினால் உடனே கண்டுகொள்வார்கள்.

திரை சிவப்பு, பச்சை, நீல ஒளியால் நிறத்தைக் காட்டுகிறது. அச்சு சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு மைகளால் காட்டுகிறது. மேடை விளக்குகளின் அடர் நீலமும் நியான் இளஞ்சிவப்பும் இந்த நான்கு மைகளின் எல்லைக்கு வெளியே இருப்பவை. நிறம் மாற்றிய பின் அவை மங்கும். அதனால் கச்சேரிப் படங்களை முதலிலேயே அச்சு நிறத்தில் முன்னோட்டம் பார்த்துத் திருத்துவது நல்லது. அட்டையில் நியான் நிறம் இருந்தே தீர வேண்டும் என்றால் பான்டோன் 806 போன்ற ஒளிரும் மையை ஐந்தாவது நிறமாக அச்சிடலாம். செலவு கூடும்.

பக்க அமைப்பு

உள்பக்கங்களின் ஒழுங்கைத் தருவது கண்ணுக்குத் தெரியாத கட்டம். பக்கத்தைப் பன்னிரண்டு நெடுக்குப் பகுதிகளாகப் பிரித்துக்கொண்டால் இரண்டு, மூன்று, நான்கு பத்திகளாக விரும்பியபடி மாற்றலாம். நீண்ட நேர்காணலுக்கு இரண்டு அல்லது மூன்று பத்தி, சிறு விமர்சனங்களுக்கு நான்கு பத்தி பொருந்தும். உடல் எழுத்து சுமார் 9 புள்ளி, வரி இடைவெளி 11 புள்ளி என்பது ஆங்கில இதழ்களில் பரவலான அளவு. எல்லாப் பத்திகளின் வரிகளும் ஒரே கிடைக்கோட்டில் உட்கார, இன்டிசைனின் அடிக்கோட்டுக் கட்டத்தையும் 11 புள்ளிக்கு வைக்க வேண்டும்.

பக்க எண், பகுதியின் பெயர் போன்றவற்றை முதன்மைப் பக்கத்தில் ஒருமுறை வைத்தால் எல்லாப் பக்கங்களிலும் வரும். தலைப்பு, முன்னுரை, பாரா, கேள்வி, பதில், படக்குறிப்பு ஒவ்வொன்றுக்கும் தனி ஸ்டைல் வகுப்பது முதல் நாள் வேலை. பிறகு எழுத்துருவை மாற்ற நினைத்தால் ஓரிடத்தில் மாற்றினால் போதும். ஸ்டைல் வகுக்காமல் கைக்கு வந்தபடி அமைத்த இதழை ஆறாவது பக்கத்திலேயே அடையாளம் காணலாம். எழுத்துருக் குடும்பங்கள் இரண்டு போதும், மூன்று தாராளம். துள்ளலான பாப் இதழிலும் குதூகலத்தைத் தரவேண்டியது அளவும் நிறமும் சாய்வும்தான். எழுத்துருக்களின் எண்ணிக்கை அல்ல.

நேர்காணலுக்கான இரட்டைப் பக்கம் இத்துறையின் மையம். இடப்பக்கம் முழுப் படம், வலப்பக்கம் எழுத்து என்பது பழகிய அமைப்பு. பாடகர் சொன்ன ஒரு கூர்மையான வாசகத்தைப் பெரிதாக எடுத்துப் பத்திகளுக்கு நடுவே வைத்தால் புரட்டிக்கொண்டே போகும் கை நிற்கும். படம் இரு பக்கங்களிலும் பரவினால் முகம் நடு மடிப்பில் விழக் கூடாது. முதுகு ஒட்டிய இதழில் மடிப்புக்குள் சில மில்லிமீட்டர் மறைந்துபோகும். சென்டர் பின் அடித்த இதழில் நடுப்பக்கம் மட்டுமே ஒரே தாளில் தொடர்ச்சியாக வரும்; பாப் இதழ்களின் சுவரொட்டிகள் அங்கே இருப்பதற்கு அதுவே காரணம்.

அச்சுக்கு அனுப்புதல்

சென்டர் பின் இதழின் பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும். ஓரம்வரை போகும் படங்கள் வெட்டுக்கோட்டுக்கு வெளியே 3 மில்லிமீட்டர் நீள வேண்டும். உடல் எழுத்து கறுப்பு மையில் மட்டும் இருக்க வேண்டும். நான்கு மைகளிலும் இருந்தால் பிளேட்டுகள் இம்மி விலகினாலும் எழுத்து இரட்டையாகத் தெரியும். அடர்ந்த பின்னணியில் வெள்ளை எழுத்து வைத்தால் மெல்லிய கோடுகளுள்ள எழுத்துருவைத் தவிர்ப்பது நல்லது. ஓரிடத்தில் விழும் மொத்த மை பளபளப்பான தாளில் சுமார் 300 விழுக்காட்டுக்குள்ளும், செய்தித்தாள் வகைத் தாளில் சுமார் 240-க்குள்ளும் அடங்க வேண்டும். மீறினால் மை உலராமல் அடுத்த தாளில் ஒட்டும். விடுபட்ட படம், குறைந்த பிரிதிறன், காணாத எழுத்துரு ஆகியவற்றை இன்டிசைனின் முன்சோதனைப் பலகை காட்டிக்கொடுக்கும். எல்லாம் சரியானபின் பிடிஎஃப்/எக்ஸ் வகைக் கோப்பாக்கி அச்சகத்துக்கு அனுப்பி, தாளில் எடுத்த வண்ணப் புரூஃபைப் பார்த்துக் கையெழுத்திடுவார்கள்.

'ஸ்மாஷ் ஹிட்ஸ்' 2006-இலும் 'கியூ' 2020-இலும் நின்றன. 'என்எம்ஈ' 2018-இல் வாராந்தர அச்சுப் பதிப்பை நிறுத்தியது. ஆனால் இவ்வேலையைக் கற்பிப்பது நிற்கவில்லை. இங்கிலாந்தில் ஓசிஆர் தேர்வு வாரியத்தின் ஊடகக் கல்விப் பாடத்தில் ஒரு புதிய இசை இதழின் அட்டை, உள்ளடக்கப் பக்கம், இரட்டைப் பக்கக் கட்டுரை ஆகியவற்றை உருவாக்குவது பல ஆண்டுகள் செயல்முறைப் பணியாக இருந்தது. படங்களையும் மாணவர்களே எடுக்க வேண்டும் என்பது விதி. அடோபிக்குச் சந்தா கட்ட இயலாதவர்களுக்கு இலவசப் பக்க அமைப்பு மென்பொருளான ஸ்கிரைபஸ் உண்டு. அதிலும் அச்சுக்கேற்ற பிடிஎஃப்/எக்ஸ் கோப்பு எடுக்கலாம். கிம்ப் படத் திருத்தத்துக்கு உதவும். அதன் அடிப்படை வேலை திரை நிறங்களில் நடப்பதால், மை நிறங்களுக்கு மாற்றுவதை ஸ்கிரைபஸில் கோப்பு எடுக்கும்போது செய்துகொள்ளலாம்.