மதராஸ் சிப்பாய்க்குக் கதவடைத்த கதை

தென்னாட்டான் என்பதே ராணுவத்தில் தகுதிக்குறைவாக இருந்த காலம் உண்டு. 1751இல் ஆர்க்காட்டுக் கோட்டையைக் கிளைவுக்காகக் காத்ததில் பெரும்பங்கு மதராஸ் சிப்பாய்களுடையது. 1881இல் மதராஸ் படைக்குத் தளபதியாக வந்த ராபர்ட்ஸுக்கோ பஞ்சாபியரும் கூர்க்காக்களுமே வீரர்கள். பின்னர் அவர் இந்தியா முழுமைக்கும் தலைமைத் தளபதியானார். தெற்கே ஆள்சேர்ப்பு சுருங்கியது. 1903இல் சில மதராஸ் பட்டாலியன்களுக்குப் பஞ்சாபிப் பெயரே வந்துவிட்டது. 1920களின் முடிவுக்குள் மதராஸ் காலாட்படை கலைந்தது. மதராஸ் சாப்பர்ஸ் தப்பியது.

இரண்டாம் உலகப்போரில் ஆள் போதவில்லை. உடனே நாமும் வீரர்களாகிவிட்டோம்! மதராஸ் ரெஜிமென்ட் மீண்டும் எழுந்தது; இன்று அதன் மையம் வெலிங்டனில்.

2022இல் அக்னிபத் திட்டம் அறிவிக்கப்பட்டபோது வயது பதினேழரை முதல் 21 என்று இருந்தது. பணி நான்காண்டு, நிரந்தரமாவோர் அதிகபட்சம் 25 சதவீதம். மற்றவர்களுக்குச் சேவா நிதி உண்டு, ஓய்வூதியம் இல்லை. விண்ணப்பிக்கும் நம் குடியிருப்புப் பிள்ளைகளின் பெற்றோர் இதைக் கணக்கில் வைக்கவும்.