கையெழுத்துக்குக் காப்பீடு உண்டா? கோவைக் கட்டுமானப் பொறியாளரின் சட்டப் பொறுப்பு குறித்து

2024 ஜூலையில் தமிழ்நாடு அரசு சுயசான்று முறையைக் கொண்டுவந்தது. 2,500 சதுர அடி வரையிலான மனையில், 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமாகவோ முதல் தளத்துடனோ வீடு கட்டுபவர் இணையவழியில் உடனே அனுமதி பெறலாம். அதிகாரி வந்து பார்ப்பதில்லை. பணி நிறைவுச் சான்றும் வேண்டியதில்லை. சரவணம்பட்டியிலும் வடவள்ளியிலும் எழும் வீடுகளில் பல இந்த அளவுக்குள் அடங்குபவை. அலைச்சல் குறைந்தது நல்லதுதான். ஆனால் அலுவலகம் விலகிய இடத்தில் மிஞ்சுவது உரிமையாளரும் பொறியாளரும் மட்டுமே. 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் பதிவுபெற்ற பொறியாளரையும் கட்டமைப்புப் பொறியாளரையும் வகைபிரித்துப் பொறுப்பை எழுதிவைத்துள்ளன. அந்தப் பொறுப்பைத் தாங்கும் காப்பீடு நடைமுறையில் இல்லை. இருக்கும் பாலிசிகள் ஆளைச் சுற்றி எழுதப்பட்டவை. கட்டடத்தைச் சுற்றி அல்ல.

ஒப்பந்ததாரர் எடுக்கும் ‘கான்ட்ராக்டர்ஸ் ஆல் ரிஸ்க்’ பாலிசி வேலை நடக்கும் காலத்துக்கானது. சாவி கைமாறியதும், பராமரிப்புக் காலம் சேர்ந்திருந்தால் அதற்குப் பின், முடிந்துவிடும். பொறியாளரின் தொழில்சார் பொறுப்புக் காப்பீடோ, இழப்பீட்டுக் கோரிக்கை எழும் ஆண்டில் நடப்பில் இருந்தாக வேண்டும். 2018இல் வரைபடம் போட்டவர் 2021இல் பிரீமியத்தை நிறுத்திவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். 2024இல் உத்தரத்தில் விரிசல் கண்டு வழக்கு வந்தால், முன்பு கட்டிய பணம் எதற்கும் உதவாது. சட்ட விதியை வேண்டுமென்றே மீறியதால் வந்த இழப்பையும் இவ்வகைப் பாலிசிகள் வழக்கமாக விலக்கிவிடுகின்றன. நம் ஊர் வழக்கம் இடறுவது இங்கேதான். பிளானில் கையெழுத்து ஒருவருடையது. கம்பி கட்டி கான்கிரீட் போடுவது மேஸ்திரி. இடையில் வாஸ்து பார்த்துத் தூணை நகர்த்தச் சொல்வது வீட்டுக்காரர். மேற்பார்வைக்கு எழுதிக்கொடுத்துவிட்டு சைட் பக்கமே போகாத பொறியாளரின் கோரிக்கையை மறுக்க, அவர் கொடுத்த கடிதமே காப்பீட்டு நிறுவனத்துக்குச் சாட்சியாகும்.

மௌலிவாக்கத்தில் 2014இல் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தபின் எல்லோர் கவனமும் அடுக்குமாடிகளின் மேல் குவிந்தது. கொங்குப் பகுதியின் சாவுகள் வேறிடத்தில் நிகழ்ந்தன. 2017 செப்டம்பர் 7 அன்று சோமனூர் பேருந்து நிலையக் கூரை விழுந்து 5 பேர். 2019 டிசம்பர் 2 அன்று மேட்டுப்பாளையம் நடூரில் ஒரு வீட்டின் உயர்ந்த மதில் மழையில் சரிந்து, ஓட்டு வீடுகளில் உறங்கிய 17 பேர். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம் 5 ஆண்டுக்குள் தெரியவரும் கட்டமைப்புக் குறைக்குக் கட்டி விற்பவரைப் பொறுப்பாக்குகிறது. அதன் 16ஆம் பிரிவு, அரசு அறிவிக்கை செய்யும் காப்பீட்டை அவர் எடுக்க வேண்டும் என்கிறது. ஆனால் சோமனூரில் விழுந்தது அரசுக் கட்டடம், நடூரில் தனிவீட்டு மதில். இரண்டும் அந்தச் சட்டத்தின் வேலிக்கு வெளியே நின்றவை. இரண்டிலும் நிவாரணம் அறிவித்தது அரசுதான்.

பொறுப்பை மட்டும் நீட்டினால் என்ன ஆகும் என்பதற்கு பிரிட்டன் சாட்சி. 72 பேர் இறந்த கிரென்ஃபெல் தீவிபத்துக்குப் பின் வந்த 2022ஆம் ஆண்டுச் சட்டம், பழைய குடியிருப்புகளின் குறைகளுக்கு 30 ஆண்டுவரை பின்னோக்கி வழக்கிட வழிசெய்தது. காப்பீட்டு நிறுவனங்கள் பலவோ அதற்கு முன்பே தீப்பாதுகாப்பு இழப்புகளைப் பாலிசியிலிருந்து நீக்கத் தொடங்கிவிட்டன. பிரான்சு 1978லேயே வேறு வழி கண்டது. வேலை தொடங்குமுன் கட்டுவிப்பவர் பாலிசி எடுக்க வேண்டும். 10 ஆண்டுக்கு அது கட்டடத்தோடு ஒட்டியிருக்கும், வீட்டை விற்றாலும் வாங்கியவருக்குப் போகும். காப்பீட்டு நிறுவனம் முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டுத் தவறியவரிடம் பிறகு வசூலிக்கும்.

அத்தகைய காப்பீட்டை இங்கேயும் கொண்டுவரலாம், அதற்கான கல்லாவும் ஏற்கெனவே திறந்திருக்கிறது. கட்டுமானச் செலவில் 1 சதவீதம் தொழிலாளர் நல வரியாகப் பிளான் அனுமதியோடு வாங்கப்படுகிறது. ஒரே தவணையில் கட்டும் பிரீமியத்தையும் அங்கேயே வாங்கலாம். காப்பீடு வந்தால் அலட்சியம் பெருகும் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பத்தாண்டு பணயம் வைக்கும் நிறுவனம் அஸ்திவாரத்தையும் சென்ட்ரிங் கம்பியையும் பார்க்கத் தன் ஆளை அனுப்பாமல் இராது. சுயசான்று முறை கைவிட்ட ஆய்வு அந்த வழியில் திரும்பும்.

செலவு கூடும் என்பது வலுவான மறுப்பு. ஆனால் வீட்டுக்கடன் வாங்குபவர்களில் பலர் இன்றே ஒரு வீட்டுக் காப்பீட்டுக்குப் பணம் கட்டுகிறார்கள். 2021 முதல் விற்கப்படும் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ பாலிசியில் நிலம் உள்வாங்கினால் இழப்பீடு உண்டு. அதே பிரிவு, தவறான வடிவமைப்பாலோ மட்டமான வேலையாலோ வந்த சேதத்துக்கு இல்லை என்கிறது.