வெறுங்காலும் கேடயமும்

1911ஆம் ஆண்டு என்றதும் தமிழ் வாசகரின் நினைவில் எழுவது மணியாச்சி ரயில் நிலையம். ஜூன் 17, சனிக்கிழமை, அங்கே திருநெல்வேலி கலெக்டர் ஆஷ் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்ட வாஞ்சிநாதன் தன்னையும் மாய்த்துக்கொண்டார். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அப்போது சிறையில் இருந்தார்கள். பாரதி புதுச்சேரியில் அடைக்கலம் புகுந்திருந்தார். தென்னாட்டுச் சுதேசி இயக்கம் ஏறத்தாழ அடங்கிவிட்ட காலம் அது. அதற்குச் சரியாக ஆறு வாரம் கழித்து வந்த இன்னொரு சனிக்கிழமையில், ஜூலை 29 அன்று, கல்கத்தாவில் பதினோரு பேர் ஒரு தோல்பந்தை உதைத்து அடைந்த வெற்றியைப் பற்றி நம் பாடநூல்கள் பேசுவதில்லை. வரலாறு என்றால் மாநாடும் வழக்கும் தூக்குமேடையும் மட்டுமே என்று நாம் பழகிப்போனதே இதற்குக் காரணம் என்று தோன்றுகிறது.

அந்தப் பதினோரு பேரின் அணி மோகன் பகான். வட கல்கத்தாவில் அதே பெயர் கொண்ட மாளிகை வளாகத்தில் 1889 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கப்பட்ட மன்றம் அது. (அந்தத் தேதியின் பொருத்தத்தை வங்காளிகள் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார்கள், நாம் அதைத் தற்செயல் என்றே விட்டுவிடுவோம்.) ஆட்டக்காரர் எவருக்கும் ஆட்டம் பிழைப்பன்று. தலைவர் சிவதாஸ் பாதுரி கால்நடைத் துறையில் வேலை பார்த்தவர். அபிலாஷ் கோஷ் கல்லூரி மாணவர். தற்காப்பு வீரர் சுதீர் சட்டர்ஜி கிறித்தவர், கல்லூரி ஆசிரியர். அந்த ஆண்டுப் போட்டியின் முதல் ஆட்டத்துக்குக் கல்லூரி அவருக்கு விடுப்புத் தராததால் அணி பத்துப் பேருடன் இறங்கியது என்று சொல்லப்படுவதுண்டு. எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்கு இதை நம்புவதில் எந்தச் சிரமமும் இல்லை.

அவர் ஒருவர்தான் பூட்ஸ் அணிந்து ஆடினார். மற்ற பத்துப் பேரும் வெறுங்கால். இதை வறுமையின் அடையாளமாக மட்டும் படிப்பது சரியாகாது. வெறுங்காலுக்குப் பந்தின் தொடுகை தெரியும். திடீரென்று திரும்பவும் வளைந்து ஓடவும் அது உதவும். ஆனால் கல்கத்தாவில் கேடயப் போட்டி நடப்பது மழைக்காலத்தில். தரை சேறானால் அதே வெறுங்காலுக்குப் பிடிமானம் கிடையாது. எதிரே ஆணி பதித்த பூட்ஸுடன் நிற்பவன், ஊதியம் பெற்று உடலைப் பேணும் பட்டாளத்துக்காரன். ஆகவே இந்திய அணிகளின் வெற்றி பாதி வானத்தைப் பொறுத்தது.

இந்தியக் காற்பந்துச் சங்கத்தின் கேடயம் 1893இல் தொடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டே சோவாபஜார் என்ற இந்திய மன்றம் டிரேட்ஸ் கோப்பை ஆட்டமொன்றில் கிழக்கு சர்ரே படைப்பிரிவை வென்று காட்டியிருந்தது. மோகன் பகான் அதே டிரேட்ஸ் கோப்பையை 1906, 1907, 1908 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வென்றது. மன்றத்தின் செயலர் சைலேன் பாசு ராணுவத்தில் சுபேதார் மேஜராக இருந்தவர். ஓட்டமும் உடற்பயிற்சியும் இல்லாமல் திறமை மட்டும் போதாது என்பதை இளைஞர்களுக்குப் பழக்கியவர் அவரே. ஆனால் கேடயம் மட்டும் எட்டவில்லை. 1909இல் கார்டன் ஹைலேண்டர்ஸ் அணியிடம் தோற்று வெளியேறினார்கள்.

இங்கே சென்னைக்கு ஒரு தொடர்பு உண்டு. கீதையைப் படிப்பதைவிடக் காற்பந்து ஆடுவது இளைஞர்களைச் சொர்க்கத்துக்கு அருகே கொண்டுசெல்லும் என்ற பொருளில் விவேகானந்தர் சொன்னதைப் பலரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதை அவர் கல்கத்தாவில் சொல்லவில்லை. மேலைநாட்டுப் பயணம் முடிந்து திரும்பிய 1897இல், சென்னைச் சொற்பொழிவுகளில் ஒன்றில் சொன்னார். வங்காளி உடல் வலுவற்றவன், கோழை என்று மெக்காலே காலம் தொட்டு ஆங்கிலேயர் எழுதிவந்த இழிவுரை அவருடைய பேச்சின் பின்னால் நிற்கிறது. பட்டாளத்து அணியைப் பந்தில் வெல்வது என்பது அந்த இழிவுரைக்குச் சொல்லப்பட்ட மறுமொழி. அதனால்தான் ஒரு விளையாட்டுக்கு இத்தனை கனம் ஏறியது.

1911இல் அணி படிப்படியாக ஏறியது. செயின்ட் சேவியர்ஸ் 3–0, ரேஞ்சர்ஸ் 2–1, ரைபிள் பிரிகேட் 1–0. அரையிறுதியில் மிடில்செக்ஸ் படைப்பிரிவுடன் 1–1 என்று சமன். மறு ஆட்டத்தில் 3–0. எஞ்சியிருந்தது கிழக்கு யார்க்ஷயர் படைப்பிரிவு.

இறுதியாட்டத்துக்கு வந்த கூட்டத்தை அறுபதாயிரம் என்பாரும் உண்டு, எண்பதாயிரம் என்பாரும் உண்டு. சிறப்பு ரயில்கள் விடப்பட்டன. ஆற்றில் நீராவிப் படகுகள் ஆள் சேர்த்து வந்தன. வந்தவர்களில் பெரும்பாலோருக்கு ஆட்டம் கண்ணில் படவே இல்லை. மரக்கிளைகளில் தொற்றியவர்கள் போக, மற்றவர்கள் வானத்தைப் பார்த்து நின்றார்கள். கோல் நிலவரத்தைப் பட்டம் ஏற்றித் தெரிவிக்க ஏற்பாடு செய்திருந்தார்கள். ஆட்டத்தைக் காணாமல் பட்டத்தைப் படித்து மகிழவும் துயரப்படவும் காத்திருந்த அந்தப் பல்லாயிரவரை எண்ணிப் பார்க்கையில், மைதானத்துக்குள் நடந்ததைவிட வெளியே நடந்ததுதான் வரலாறு என்று நமக்குத் தோன்றுகிறது.

முதல் கோல் பட்டாளத்துக்கு. சார்ஜென்ட் ஜாக்சன் அடித்தார். முன்பு எத்தனையோ முறை நிகழ்ந்ததுதான். நன்றாக ஆடிக்கொண்டிருந்த இந்திய அணி, ஒரு கோல் வாங்கியதும் மனம் தளர்ந்து சரிவது. இம்முறை அது நிகழவில்லை. சிவதாஸ் பாதுரி சில நிமிடங்களிலேயே ஈடு செய்தார். ஆட்டம் முடியும் தறுவாயில், மறு ஆட்டம்தான் என்று பலரும் எண்ணியிருந்தபோது, சிவதாஸ் எதிரணியினரைத் தன் பக்கம் ஈர்த்துப் பந்தைத் தள்ளிவிட, அபிலாஷ் கோஷ் அதை வலைக்குள் செலுத்தினார். 2–1.

அன்றிரவு கல்கத்தாவில் ஊர்வலங்கள் போயின. முகமதன் ஸ்போர்ட்டிங் மன்றத்து முஸ்லிம்களும் அந்த மகிழ்ச்சியில் பங்கு கொண்டார்கள். ஆட்டக்காரர்களில் பலர் கிழக்கு வங்கத்து வேர் கொண்டவர்கள். 1905இல் கர்சன் வரைந்த பிரிவினைக் கோட்டின் இரு பக்கமும் அன்று ஒரே செய்தி கொண்டாடப்பட்டது.

இந்த இடத்தில்தான் எச்சரிக்கை தேவை. அதே ஆண்டு டிசம்பர் 12 அன்று டெல்லி தர்பாரில் வங்கப் பிரிவினை ரத்தும் தலைநகர் மாற்றமும் அறிவிக்கப்பட்டன. கேடயத்தைக் கண்டு அரசு அஞ்சியதால்தான் இவை நிகழ்ந்தன என்று எழுதுவோர் உண்டு. சான்று அதற்கு இடம் தரவில்லை. இந்த யோசனை ஜூன் மாதத்திலேயே வைஸ்ராய் ஹார்டிஞ்சின் ஆட்சிக்குழுவில் எழுந்துவிட்டது. ஆகஸ்ட் 25 அன்று அது லண்டனுக்கு முறைப்படி எழுதப்பட்டது. ஓர் ஆட்டத்தின் பெருமையைக் காக்க இல்லாத காரணகாரியத்தை அதன் தலையில் ஏற்ற வேண்டியதில்லை. பிரிவினையை எதிர்த்த ஆறாண்டு இயக்கம் ஓய்ந்து சோர்ந்திருந்த வேளையில், மக்கள் பெருந்திரளாகக் கூடி, எந்தச் சட்டத்தையும் மீறாமல், ஆட்சியாளரின் தோல்வியைக் கண்ணாரக் கண்டு கொண்டாட முடிந்தது. அது போதும்.

தருமபுரிக்காரர்களான நாம் இதைக் கூடுதல் அக்கறையோடு படிக்கக் காரணம் உண்டு. வங்கத்தில் எழுந்த சுதேசி அலை தெற்கே வந்து, சிறைப்பட்டு, நோயுற்று, இறுதியில் ஒதுங்கிய கரைகளில் ஒன்று நம் பாப்பாரப்பட்டி. 1912இல் விடுதலையான சிவா தொழுநோயுடன்தான் வெளியே வந்தார். பிற்காலத்தில் பாப்பாரப்பட்டியில் ஆசிரமம் அமைத்து, பாரதமாதா ஆலயத்துக்கு அடிக்கல் நாட்ட அவர் அழைத்தது வங்கத்தின் சித்தரஞ்சன் தாஸை. 1925 ஜூலை 23 அன்று அங்கேயே மறைந்தார். மணியாச்சியும் கல்கத்தா மைதானமும் பாப்பாரப்பட்டியும் ஒரே வரலாற்றின் ஊர்கள். நாம்தான் தனித்தனி அத்தியாயங்களில் வைத்திருக்கிறோம்.

வெறுங்கால் ஆட்டம் அதற்குப் பின்னும் நெடுநாள் நீடித்தது. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக இந்திய வீரர்களில் பெரும்பாலோர் வெறுங்காலுடனேயே ஆடினார்கள். 1–2 என்று தோற்ற அந்த ஆட்டத்தில் இந்தியாவின் ஒரே கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன்.

1911 பற்றி இன்னொரு கதை. வெற்றிக்குப் பின் ஒரு முதியவர் ஆட்டக்காரர் ஒருவரை நிறுத்தி, வில்லியம் கோட்டை மேல் பறந்த ஆங்கிலக் கொடியைக் காட்டி, அது எப்போது இறங்கும் என்று கேட்டாராம். நாங்கள் மறுபடி கேடயம் வெல்லும்போது என்று பதில் வந்ததாம். இது பின்னால் கட்டப்பட்ட கதை என்றே நமக்குப் படுகிறது. இவ்வளவு கச்சிதமாக எவரும் பேசுவதில்லை. ஆனால் கதை கட்டியவருக்குக் கணக்கு தெரிந்திருந்தது. இடையில் 1936இல் முகமதன் ஸ்போர்ட்டிங் கேடயத்தை வென்றது. மோகன் பகானின் இரண்டாவது கேடயம் 1947இல்தான் வந்தது. இறுதியாட்டத்தில் அது தோற்கடித்த அணியின் பெயர் ஈஸ்ட் பெங்கால்; அதே ஆண்டில் கிழக்கு வங்கம் வேறொரு நாடாகியிருந்தது.