எது சிறியது? வலுவான ஒளிப்புலத்தில் அணு அயனியாக்கக் கோட்பாடுகளின் வளர்ச்சி

1928 மார்ச் 16 அன்று பெங்களூருவில், தென்னிந்திய அறிவியல் சங்கத்தின் தொடக்கக் கூட்டத்தில், சி. வி. ராமன் தாம் கண்ட புதிய கதிர்வீச்சைப் பற்றி உரையாற்றினார். சிதறும் ஒளியில் ஏறக்குறைய ஒரு கோடி ஃபோட்டான்களுக்கு ஒன்றுதான் இந்த ராமன் விளைவில் நிறம் மாறும். இதற்கான கணக்கில் மூலக்கூறே முதன்மை. ஒளி அதைச் சற்றே அசைத்துப் பார்க்கும் சிறு இடையூறு. அதே ஆண்டில் ஓப்பன்ஹைமர் வேறொரு கேள்வியைக் கையிலெடுத்தார். நிலையான மின்புலம் ஒன்று ஹைட்ரஜன் அணுவைப் பிடித்து இழுத்தால் எலெக்ட்ரான் என்ன ஆகும்? தடையைத் தாண்டும் ஆற்றல் இல்லாவிட்டாலும் அதைத் துளைத்துக்கொண்டு வெளியேற முடியும் என்று குவாண்டம் கணக்கு சொன்னது. இங்கே மின்புலம் சிறு இடையூறு அல்ல. தடையின் வடிவத்தையே மாற்றிவிடுகிறது.

இந்த இரு பார்வைகளும் முப்பத்தாறு ஆண்டுகள் தனித்தனியே கிடந்தன. அணுவின் புலத்தோடு மல்லுக்கட்டும் ஒளி அப்போது யார் கையிலும் இல்லை. ஹைட்ரஜனில் எலெக்ட்ரான் உணரும் புலம் மீட்டருக்குச் சுமார் 51,400 கோடி வோல்ட். பாதரச விளக்கு இதன் பக்கத்தில்கூட நெருங்காது.

1960இல் லேசர் வந்தது. 1965இல் வோரோனோவும் டெலோனேயும் மாணிக்க லேசரால் செனானை அயனியாக்கினர். செனானின் அயனியாக்க ஆற்றல் 12.13 எலெக்ட்ரான் வோல்ட். மாணிக்க லேசரின் ஒரு ஃபோட்டானிடம் இருப்பதோ 1.79தான். ஆறு சேர்ந்தாலும் போதாது, ஏழு வேண்டும். இரண்டு ஃபோட்டான்களை ஒருங்கே விழுங்கும் நிகழ்வை மரியா கேப்பர்ட்-மேயர் 1931இலேயே கணித்திருந்ததால், அதே வழியில் ஏழுவரை எண்ணிக்கொண்டே போகலாம் என்று தோன்றியது. அணுதான் பெரிது, ஒளி சிறிது என்ற பழைய எண்ணமே இதற்கும் அடிப்படை.

அதைத் தலைகீழாக்கியவர் மாஸ்கோவின் கெல்டிஷ். 1964இல் வெளிவந்த கட்டுரையில், அணுவை விட்டு வெளியேறிய எலெக்ட்ரானை அயனி இனி இழுக்காது, ஒளிப்புலம் மட்டுமே ஆட்டும் என்று வைத்துக்கொண்டார். அப்படி ஆடும் எலெக்ட்ரானுக்கான துல்லியமான தீர்வு 1935 முதலே வோல்கோவின் பெயரில் இருந்தது. இதிலிருந்து அவருக்குக் கிடைத்த ஒற்றை எண்ணை இன்று காமா என்கிறோம். எலெக்ட்ரான் தடையைக் கடக்க எடுக்கும் நேரத்தை ஒளியின் அலைவு நேரத்தோடு ஒப்பிடும் எண் அது. காமா 1ஐவிட மிகப் பெரிதானால் ஃபோட்டான்களை எண்ணலாம். மிகச் சிறிதானால் ஓப்பன்ஹைமர் காட்டிய துளைத்தல். இரண்டும் ஒரே சூத்திரத்தின் இரு முனைகள்.

சிக்கல் நடுவில் இருக்கிறது. 800 நானோமீட்டர் லேசரைச் சதுர சென்டிமீட்டருக்கு 100 லட்சம் கோடி வாட் செறிவில் செனான்மீது பாய்ச்சினால், காமா ஏறக்குறைய 1 என்றே வருகிறது. ஆய்வகங்கள் அதிகம் புழங்கும் இடமே இதுதான். ‘துளைத்தல் ஆட்சி’, ‘பல்ஃபோட்டான் ஆட்சி’ என்று கட்டுரைகள் கோடு கிழித்துப் பேசுவதை இதனால்தான் ஐயத்தோடு படிக்க வேண்டியிருக்கிறது.

கெல்டிஷ் ஒதுக்கிவைத்த அயனியின் ஈர்ப்பை 1966இல் பெரெலோமோவ், போபோவ், தெரென்டியேவ் மூவரும் கணக்கில் சேர்த்தனர். 1986இல் அம்மோசோவ், டெலோனே, கிரைனோவ் அதைச் சிக்கலான அணுக்களுக்கும் நீட்டினர். எளிமையால் அந்தச் சூத்திரம் உலகெங்கும் பரவியது. துளைத்தலுக்கு உரிய எல்லையைத் தாண்டியும் பலர் அதைக் கையாண்டது வேறு கதை. ஃபைசல் 1973இலும் ரைஸ் 1980இலும் தந்த கோட்பாடுகளைக் கெல்டிஷுடையதோடு சேர்த்து ஒரே பெயரால் அழைப்பது வழக்கம். ஆனால் ஒளிப்புலத்தை எழுதும் முறை வேறுபடுவதால் அவை தரும் விடைகளும் வேறுபடுகின்றன.

இடையே 1979இல் பிரான்சின் சாக்லேயில் அகோஸ்தினி குழுவினர் ஒரு விசித்திரத்தைக் கண்டனர். அவர்களின் லேசரில் அயனியாக ஆறு ஃபோட்டான் போதும் என்ற நிலையிலும் எலெக்ட்ரான் ஏழாவதையும் விழுங்கியிருந்தது. வெளியேறிய பிறகும் ஒளி அதை விடவில்லை என்பது தெரிந்தது. 1993இல் கோர்க்கம் இதைக் கதைபோலச் சொன்னார்: எலெக்ட்ரான் துளைத்து வெளியேறும், புலம் அதைத் தள்ளும், புலம் திசை மாறியதும் தாய் அயனியிடமே திரும்பி மோதும். மோதும்போது அது கொண்டுவரும் உச்ச ஆற்றல், புலத்தில் எலெக்ட்ரானின் சராசரி ஆட்ட ஆற்றலைப் போல் 3.17 மடங்கு. குவாண்டம் கோட்பாட்டில் பிறந்த துறை, நியூட்டன் பாணி எறிபாதையால் விளங்கியது! மறு ஆண்டே லெவன்ஸ்டைன் குழு அதற்குக் குவாண்டம் உருவம் தந்தது.

வலுவான ஒளி ராமனின் ஊருக்கும் வந்தது. ராமன் 1948இல் பெங்களூருவில் நிறுவிய ராமன் ஆய்வுக் கழகத்தில் ரெஜி பிலிப் குழுவினர் நானோநொடி லேசர்த் துடிப்புகளாலும் ஃபெம்டோநொடித் துடிப்புகளாலும் உலோகப் பிளாஸ்மாக்களை உருவாக்கி ஆராய்ந்திருக்கிறார்கள். நானோநொடித் துடிப்பின் பின்பகுதி, முன்பகுதி உண்டாக்கிய பிளாஸ்மாவையே மேலும் சூடேற்றுகிறது. ஃபெம்டோநொடித் துடிப்போ பிளாஸ்மா விரியத் தொடங்குமுன்பே முடிந்துவிடும். எனினும் இங்கே கெல்டிஷின் சூத்திரத்தை அப்படியே ஒட்ட முடியாது. உலோகத்தில் எலெக்ட்ரான்கள் முன்பே கட்டின்றித் திரிகின்றன. துளைப்பதற்கு அணுவின் தடை அங்கே முதலில் நிற்பதில்லை. அந்தச் சூத்திரத்துக்கு இயல்பான இடம் வாயுவும் கண்ணாடியும்தான்.