காசு கொடுத்தால் கடவுளுக்கும் அரை மணி

1921 ஜனவரி 2, ஞாயிறு மாலை. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் கால்வரி எபிஸ்கோபல் தேவாலயம். பாடகர் குழுவில் அன்று இரண்டு புதுமுகங்கள். அங்கி போட்டிருந்தார்களே தவிர பாடவில்லை. கே.டி.கே.ஏ. வானொலி நிலையம் அனுப்பிய பொறியாளர்கள் அவர்கள்; ஒருவர் யூதர், மற்றவர் கத்தோலிக்கர். ஒயரும் கையுமாக நடமாடினால் சபையாரின் கவனம் சிதறும் என்று அங்கியை மாட்டி நிற்க வைத்துவிட்டார்கள். தலைமை ஆயருக்கு இந்தப் புதுச் சங்கதியில் அவ்வளவு ஆர்வமில்லை. ‘நீயே பார்த்துக்கொள்’ என்று உதவி ஆயர் லூயிஸ் விட்மோரிடம் பிரசங்கத்தை ஒப்படைத்தார். வானொலியில் ஒலிபரப்பான முதல் தேவாலய ஆராதனை என்று பரவலாகச் சொல்லப்படுவது இதுதான்.

அப்போது நிலையத்துக்கே வயது இரண்டு மாதம். ஒலிபரப்ப ஏதாவது கிடைத்தால் போதும் என்றிருந்த காலம். ஆகவே யாரும் யாரிடமும் பணம் கேட்கவில்லை. சிக்கல் எல்லாம் வானொலி லாபம் தரும் தொழில் ஆன பிறகுதான்.

1926-ல் பல நிலையங்களை இணைக்கும் என்.பி.சி. வலைப்பின்னல் பிறந்தது. மதத்துக்கு நேரம் விற்பதில்லை, இலவசமாகத் தருவோம் என்பது அதன் கொள்கை. கேட்க நல்ல மனசாகத்தான் தெரிகிறது. ஆனால் யாருக்கு இலவசம்? புராட்டஸ்டன்ட், கத்தோலிக்கர், யூதர் என மூன்று தரப்பிலும் பெரிய அமைப்புகளுக்கு மட்டும். புராட்டஸ்டன்ட் நேரம் பெரிய சபைகளின் கூட்டமைப்பு வழியாகப் போனது. அந்த வட்டத்துக்கு வெளியே இருந்த தனிப் போதகர்களுக்குக் கதவு சாத்தியே கிடந்தது.

இன்னொரு பெரிய வலைப்பின்னலான சி.பி.எஸ். ஆரம்பத்தில் காசு வாங்கிக்கொண்டு நேரம் கொடுத்தது. அதில் வந்தவர்தான் டெட்ராய்ட் அருகே ராயல் ஓக் ஊரின் பாதிரியார் சார்ல்ஸ் காக்லின். பிரசங்கத்தில் ஆரம்பித்தவர் அரசியலுக்குத் தாவினார். 1931-ல் சி.பி.எஸ். அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. நேரம் விற்பதையும் விட்டுவிட்டு, ‘சர்ச் ஆஃப் தி ஏர்’ என்று இலவச நிகழ்ச்சி ஒன்றைத் தொடங்கியது. காக்லின் அசரவில்லை. ஊர் ஊராக நிலையங்களைத் தனித்தனியே பிடித்து, தொலைபேசிக் கம்பிகளை வாடகைக்கு எடுத்து இணைத்து, தனக்கென ஒரு வலைப்பின்னலையே கட்டிவிட்டார். முப்பதுகளின் கடைசியில் அவர் யூத வெறுப்பை வெளிப்படையாகக் கக்கத் தொடங்க, 1939-ல் ஒலிபரப்பாளர் சங்கம் சர்ச்சைக்குரிய விஷயங்களுக்கு நேரம் விற்கக் கூடாது என்று விதி போட்டது. மறு ஆண்டு அவர் குரல் ஓய்ந்தது. ஆள் போனார், அவர் காட்டிய வழியை, அவரோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒருவர் பிறகு பிடித்துக்கொள்ள வேண்டிவந்தது.

அவர் சார்ல்ஸ் ஃபுல்லர். கலிஃபோர்னியாவில் ஆரஞ்சு வியாபாரம் பார்த்துப் போதகர் ஆனவர். நேரம் விற்கத் தயாராக மிஞ்சியிருந்த பெரிய வலைப்பின்னல் 1934-ல் தொடங்கிய மியூச்சுவல். 1937-ல் அதில் இடம் வாங்கினார். நிகழ்ச்சியின் பெயர் ‘ஓல்டு ஃபேஷண்டு ரிவைவல் அவர்’. பின்னாளில் லாங் பீச் நகர அரங்கிலிருந்து ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம்: பாட்டு, பிரசங்கம், நடுவே அவர் மனைவி கிரேஸ் நேயர் கடிதங்களை வாசிப்பார். என்னைக் கேட்டால் நிகழ்ச்சியின் உயிரே அந்தக் கடிதங்கள்தான். நேயரின் கடிதம் நிகழ்ச்சிக்குத் தீனி. அதோடு வரும் காணிக்கை அடுத்த வாரத்துக்கான வாடகை.

நாற்பதுகளின் தொடக்கத்தில் மியூச்சுவல் வருமானத்தில் ஏறக்குறைய கால் பங்கு மத நிகழ்ச்சிகளிலிருந்து வந்தது. அதில் ஃபுல்லர்தான் பெரிய வாடிக்கையாளர். அப்படிப்பட்டவரை யார் விரட்டுவார்கள்? போர் விரட்டியது. போர்க்கால மிகை லாபத்துக்கு அமெரிக்க அரசு கடும் வரி போட, வரியாகக் கட்டுவதைவிட விளம்பரத்தில் போடலாம் என்று கம்பெனிகள் வானொலிப் பக்கம் படையெடுத்தன. சோப்புக் கம்பெனி வரிசையில் நிற்கும்போது போதகரின் காசு யாருக்கு வேண்டும்? 1944-ல் மியூச்சுவல் புதுச் சட்டம் பேசியது: மத நிகழ்ச்சி அரை மணிக்கு மேல் கூடாது, ஞாயிறு காலையில் மட்டும், நிகழ்ச்சியில் காணிக்கை கேட்கக் கூடாது. மூன்றாவது விதிதான் கழுத்தில் கை வைத்தது.

அதே 1944-ல் சுவிசேஷப் போதகர்கள் கூடித் தேசிய மத ஒலிபரப்பாளர் அமைப்பைத் தொடங்கினார்கள். ஃபுல்லரோ உள்ளூர் நிலையங்களின் வாசலுக்குப் போனார். வலைப்பின்னலின் விதி எல்லா நிலையத்தையும் கட்டாது. பல சின்ன நிலையங்களில் ஞாயிறு பகல் விலைபோகாமல் கிடக்கும்; காசோடு வருகிறவரை மேலாளர் ஏன் திருப்பி அனுப்பப் போகிறார்? நிகழ்ச்சியை அனுப்பி வைக்க வழியும் இருந்தது. பதினாறு அங்குல இசைத்தட்டு, நிமிடத்துக்கு 33⅓ சுற்று, ஒரு பக்கம் சுமார் 15 நிமிடம். ஒரு மணி நேரத்துக்கு நாலு பக்கம். அதாவது இரண்டு தட்டு. பெட்டியில் போட்டு அஞ்சலில் அனுப்பினால் போதும், தொலைபேசிக் கம்பி வாடகையும் மிச்சம். நிலைய ஊழியர் இரண்டு சுழல்மேடைகளில் மாற்றி மாற்றி ஓட்டுவார். முதல் தட்டின் முடிவும் அடுத்ததன் தொடக்கமும் இடறாமல் சேர்வது அவர் கைப்பக்குவம்.

1949-ல் ஏ.பி.சி. வலைப்பின்னல் மதத்துக்கு நேரம் விற்பதற்கான தன் தடையைத் தளர்த்த, ஃபுல்லர் மறுபடி பெரிய வலைப்பின்னலில் ஏறினார். அவரைத் தள்ளி வைத்தவர்கள் அவருக்குத் தொழில் கற்றுக்கொடுத்ததாகவே நான் எண்ணுகிறேன்: நிலையம் நிலையமாக விலை பேச, நேரம் வாங்க, செலவைக் காணிக்கையில் ஈடுகட்ட.

1960-ல் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் ஒரு முடிவு எடுத்தது. பொதுநலனுக்காக நிலையங்கள் ஒதுக்கும் மத நேரம் இலவசமாக இருந்தாலும் சரி, விற்றதாக இருந்தாலும் சரி, கணக்கில் ஒன்றே. அதுவரை உரிமம் புதுப்பிக்கும்போது காட்டுவதற்காகவேனும் இலவச நேரம் கொடுத்துவந்த மேலாளர்கள், அதே அரை மணியைக் காசு தருபவருக்கு விற்கத் தொடங்கினார்கள். வாங்கத் தயாராக இருந்தவர்கள் ஃபுல்லர் வழியில் வந்தவர்கள். பெரிய சபைகளிடம் அதற்கென ஒதுக்கிய பணமும் இல்லை, நிலைய மேலாளரிடம் விலை பேசிப் பழக்கமும் இல்லை.

(தொடரும்)