ஹென்ச்மேன்: அரண்மனைப் பதவி அடியாளான வரலாறு

ஆங்கில நாளேடு ஒன்று அரசியல்வாதியின் ஆதரவாளரை ‘ஹென்ச்மேன்’ என்று எழுதினால், அது வசை என்று வாசகருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தமிழில் அடியாள், கையாள் என்போம். தன்னையே அப்படி அழைத்துக்கொள்பவர் யாருமில்லை. எதிர்த்தரப்பு ஆளுக்கே அந்தப் பெயர். 15ஆம் நூற்றாண்டு இங்கிலாந்திலோ இது உயர்குடிச் சிறுவர்கள் வகித்த அரண்மனைப் பதவி. நான்காம் எட்வர்டின் அரண்மனை விதிநூல், இச்சிறுவர்களுக்குக் குதிரையேற்றமும் ஈட்டிப்போட்டியும் பலமொழிகளும் யாழும் குழலும் ஆடலும் கற்பிக்கத் தனி ஆசான் ஒருவரை வைக்கிறது. வேலைக்காரரைக் குறிக்கும் சொற்கள் காலப்போக்கில் இழிவது இயல்புதானே என்று இதை விட்டுவிட முடியாது. இச்சொல்லைக் கறைப்படுத்தியது தொண்டன் அல்ல, அவன் பின்தொடர்ந்த தலைவன் என்பதே சான்றுகள் காட்டும் முடிவு.

முதலில் வேரைப் பார்ப்போம். பழைய ஆங்கிலத்தில் ‘ஹெங்கெஸ்ட்’ என்றால் ஆண்குதிரை. பிரிட்டனில் வந்திறங்கியதாகச் சொல்லப்படும் ஹெங்கிஸ்ட் என்ற தலைவனின் பெயரும் அதுவே. 14ஆம் நூற்றாண்டின் நடுவில் கிடைக்கும் வடிவமும் ‘ஹெங்கெஸ்ட்மன்’தான். ஆகவே தொடக்கப் பொருள் குதிரைப் பணியாளன் என்று கொள்வதே பொருத்தம். குதிரைக்காரன் எப்படி அரசவைக்கு உயர்ந்தான் என்று கேட்கலாம். ‘மார்ஷல்’ என்ற சொல்லின் மூலப்பொருளும் குதிரை ஏவலன்தான். ‘கான்ஸ்டபிள்’ லாயத்தின் தலைவன். மன்னனின் குதிரையை நெருங்கியவன் மன்னனையும் நெருங்கினான்.

1565இல் முதலாம் எலிசபெத் இப்பதவியை ஒழித்தார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பின் ஷேக்ஸ்பியரின் ‘மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்’ நாடகத்தில் தேவதைகளின் அரசன் ஓபரான், ஓர் இந்தியச் சிறுவனைத் தன் ஹென்ச்மேனாகக் கேட்டுப் பிடிவாதம் பிடிக்கிறான். அப்போதும் சொல்லில் கறை இல்லை. பிறகு இங்கிலாந்தில் அது வழக்கொழிந்தது; ஸ்காட்லாந்து மலைநாட்டில் மட்டும் குலத்தலைவனின் மெய்க்காவலனுக்குப் பெயராக நின்றது. மலைநாட்டைப் பற்றி எட்மண்ட் பர்ட் எழுதி 1754இல் வெளியான கடிதங்கள் அவனை விவரிக்கின்றன: தலைவனுக்காக உயிரையும் கொடுப்பவன், குடி விருந்துகளில் அவன் இருக்கைக்குப் பின்னால், இடுப்பருகே நின்று, யாராவது அவமதிக்கிறார்களா என்று பேச்சைக் கவனிப்பவன். இடுப்பைக் குறிக்கும் ‘ஹான்ச்’ என்ற சொல்லே வேர் என்கிறார் பர்ட். நானூறு ஆண்டு முந்திய ஆவண வடிவத்துக்கு முன் இந்த விளக்கம் நிற்காது. ஆனால் பொய்யான வேருக்கும் வரலாற்றில் வேலை உண்டு. குதிரை மறைந்தது, கேள்வி கேட்காமல் பக்கத்தில் நிற்பவன் என்ற சித்திரம் மிஞ்சியது.

அந்தச் சித்திரத்தை ஆங்கிலம் படித்தோர் அனைவரிடமும் கொண்டுசேர்த்தவர் வால்டர் ஸ்காட். 1814இல் வெளிவந்த ‘வேவர்லி’ நாவலில் குலத்தலைவனின் பரிவாரத்தில் இவனுக்கே முதலிடம். ஸ்காட் அவனை இழிவாகக் காட்டவில்லை. ஆனால் தலைவன் ஃபெர்கஸ், பிரிட்டிஷ் அரசருக்கு எதிரான 1745 கிளர்ச்சியில் சேர்ந்து தேசத்துரோகக் குற்றத்துக்கு மரணதண்டனை பெறுபவன். குலத்தலைவர்களின் நீதி அதிகாரத்தை அக்கிளர்ச்சியை அடுத்து நாடாளுமன்றமே பறித்துவிட்டது. சட்டத்துக்குப் புறம்பான தலைவனிடம் காட்டும் கண்மூடித்தனமான விசுவாசம், வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் குற்ற உடந்தையாகத்தானே தெரியும்? மனசாட்சியற்ற கூட்டாளி என்ற பொருளுக்கு அகராதிகள் தரும் முதற்சான்று 1839ஆம் ஆண்டுக்குரியது. ஸ்காட் மறைந்து ஏழே ஆண்டுகள்.

‘வில்லன்’ என்ற சொல்லும் பண்ணையாள் என்ற பொருளிலிருந்து கொடியவனாக இழிந்ததே, அதற்கு எந்த நாவலாசிரியர் தேவைப்பட்டார் என்ற மறுப்பு எழலாம். நியாயமான மறுப்புதான். ஆனால் வில்லன் தொடர்ந்து புழங்கிய சொல். அதன் சரிவைப் படிப்படியாகக் காணலாம். ஹென்ச்மேனுக்கு அத்தகைய படிகள் இல்லை: அரண்மனைப் பதவி, இங்கிலாந்தில் நெடிய மௌனம், பிறகு திடீரென அடியாள். மேலும் ஏவல் சொற்கள் தாமாகவே இழியும் என்பது விதியானால், சிறுவனையும் பணியாளனையும் குறித்த ‘நைட்’ என்ற சொல் வீரப்பெருமகனுக்குரிய பட்டமாக உயர்ந்திருக்க முடியாது. ‘நைட்’ இன்றும் பிரிட்டிஷ் அரசு வழங்கும் கௌரவப் பட்டம்; ஹென்ச்மேன் என்ற பதவியை 1565க்குப் பின் எந்த ஆங்கில அரசரும் மீட்கவில்லை.